விதுரன் வில்லும் மோட்டார் கொட்டா சாவியும்

எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப் போன மாசம் ரெண்டா உடைஞ்சிடுச்சு. காரணம் கேட்டா சிரிப்பீங்க, குலதெய்வம் கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகையில யார் பேரு மொதல்ல வரணும்ங்கிறதுதான். பெரிய பெரியப்பா வீட்டு ஆளுங்க ஒரு குரூப்பு, சின்ன பெரியப்பா வீட்டு ஆளுங்க ஒரு குரூப்பு, ரெண்டுக்கும் ஒரே பேரு, ஒரே சாமி போட்டோ, ஒண்ணுல மட்டும் கடைசில 'புதுசு'ன்னு இருக்கும். ரெண்டுலயும் இருக்குற ஒரே ஆளு நான்தான், ஏன்னா என்னை யாரும் கேட்டு சேர்க்கல, கேட்டு தூக்கவும் இல்ல. ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு பாண்டியில இருக்குற அண்ணன் (சின்ன பெரியப்பா பையன்) போன் பண்ணி "அந்த குரூப்புல இன்னாடா பேசிக்கிறானுங்க"ன்னு கேட்டாரு. நான் அதெல்லாம் சொல்ல மாட்டேண்ணே, வேணும்னா நீங்களே அவங்கள கூப்ட்டு கேளுங்கன்னேன். ரெண்டு செகண்டு சத்தமே இல்ல. அப்புறம் "நீயும் சித்தப்பா மாதிரியே விதுரனாத்தான்டா இருக்க, சோறு ஒரு பக்கம் பாசம் ஒரு பக்கம்"னு சொல்லிட்டு வெச்சிட்டாரு.

வெச்சிட்டாரு, ஆனா எனக்கு தூக்கம் போயிடுச்சு. திட்டுனது கூட பரவால்ல. விதுரன்னு ஒருத்தனை திட்டுற வார்த்தையா யூஸ் பண்ண முடியும்ங்கிறது எனக்கு புதுசு இல்ல, நானே எங்கப்பாவ மனசுக்குள்ள அப்படித்தான் பல வருஷம் திட்டியிருக்கேன். அத திருப்பி என் மேலயே போட்டதுதான் குத்துச்சு.

நெல்லிக்குப்பத்துக்கும் பண்ருட்டிக்கும் நடுவுல இருக்கு எங்க ஊரு. தாத்தாவுக்கு மூணு பசங்க, எங்கப்பா கடைசி. ஒரே கிணறு, ஒரே மோட்டாரு, கரண்டு சர்வீஸ் தாத்தா பேர்ல இருந்து பெரிய பெரியப்பா பேருக்கு மாறுச்சு, சண்டை அங்கதான் ஆரம்பிச்சுது. சர்வீஸ் என் பேரு அப்படின்னு அவரு, கிணறு பொதுவாச்சேன்னு சின்ன பெரியப்பா. (சின்ன பெரியப்பாங்கிற வார்த்தைய மட்டும் வேற பாஷைக்காரனுக்கு வெளக்கி பாருங்க, பைத்தியம் புடிச்சிடும்.) 2002 வாக்குல ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போச்சு. ரெண்டு பேரும் கரும்பு, ரெண்டு பேருக்கும் ஒரே கிணத்து தண்ணி, பேச்சு மட்டும் இல்ல. அப்போ மோட்டார் கொட்டா சாவி யார்கிட்ட இருக்கணும்னு பஞ்சாயத்து வந்தப்போ ரெண்டு பேரும் ஒத்துக்கிட்ட ஒரே விஷயம் எங்கப்பாதான். ஏன்னா அக்கா கல்யாணத்துக்கு அப்பா தன்னோட பங்க ரெண்டு அண்ணனுங்களுக்கே பாதி பாதியா வித்துட்டாரு. அவருக்கு அந்த தண்ணியில ஒரு சொட்டு உரிமை கெடையாது. பங்கு இல்லாதவன்தானே பொதுவான ஆளு.

அதுக்கப்புறம் 9 வருஷம் எங்கப்பா வாழ்க்கை எப்படி இருந்துச்சுன்னா, சாவி இடுப்பு கயித்துல, பீஸ்கட்டை ஒரு மஞ்சப்பையில, சட்டை பாக்கெட்ல ஒரு 40 பக்க நோட்டு. அதுல நீல இங்க்ல பெரிய அண்ணன் முறை, சிவப்பு இங்க்ல சின்ன அண்ணன் முறை. த்ரீ பேஸ் கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு சொல்ல முடியாத காலம் அது, முறை நடுவுல கரண்டு போயிடுச்சுன்னா எத்தனை நிமிஷம் பாக்கின்னு எழுதி வெச்சு அடுத்த முறையில கழிக்கணும். ராத்திரி 2 மணிக்கு கரண்டு வந்தா டார்ச்ச எடுத்துக்கிட்டு கெளம்பிடுவாரு. இது போக தூது வேற. "வரப்ப ஒரு சாண் வெட்டிட்டான்னு சொல்லு." "வெட்டுனது நான் இல்ல, மழை கரைச்சதுன்னு சொல்லு." அங்க சொல்றத இங்க அப்படியே சொல்ல மாட்டாரு, பாதிய முழுங்கிட்டு மீதிய சொல்லுவாரு. அந்த முழுங்குன பாதி எங்க போகும்? வீட்ல எங்கம்மாகிட்ட கூட சொன்னதில்ல. எனக்கு அப்போ 24 வயசு, கடலூர்ல வேலை, வாரத்துக்கு ஒருக்கா ஊருக்கு வருவேன், வரும்போதெல்லாம் இந்த மனுஷன் ஏன் இப்படி ரெண்டு பேருக்கும் வேலைக்காரனா இருக்காருன்னு எரிச்சலா வரும். ஒரு பக்கம் நில்லுங்கப்பா, இல்லன்னா விட்டுத் தொலைங்கன்னு சொல்லியிருக்கேன். அவரு "சரி சரி, சாப்டியா"ன்னுவாரு.

மூணாவது தம்பி

விதுரன எடுத்துக்குங்க. கதை எல்லாருக்கும் தெரியும், ஆனா அந்தாளு கணக்க மட்டும் தனியா போட்டு யாரும் பாக்குறதில்ல. திருதராட்டிரன், பாண்டு, விதுரன், மூணு பேருக்கும் அப்பன் வியாசர்தான், ஆனா விதுரனோட அம்மா அரண்மனை பணிப்பெண். அதனால பட்டத்துக்கு உரிமை இல்ல. உரிமை இல்லாததாலதான் ரெண்டு அண்ணன் வீட்டுக்கும் அவன் பொதுவான ஆளு, ரெண்டு வீட்டுப் பிள்ளைங்களுக்கும் ஒரே சித்தப்பா. அரக்கு மாளிகைக்கு ஆள் அனுப்பி சுரங்கம் தோண்ட வெச்சது அவன். சூதாட்டம் வேணாம்னு திருதராட்டிரன்கிட்ட சொன்னதும் அவன், அண்ணன் கேக்கலன்னதும் அந்த சூதாட்டத்துக்கே பாண்டவங்கள கூப்ட போனதும் அவன்தான். இந்த எடத்துலதான் எல்லாரும் அவன கோழைன்னு சொல்லுவாங்க, நானும் சொல்லியிருக்கேன். தப்புன்னு தெரிஞ்சும் பத்திரிகை வைக்கப் போனவன்.

ஆனா அதே விதுரன்தான் பாஞ்சாலிய சபைக்கு இழுத்துக்கிட்டு வான்னு துரியோதனன் சொன்னப்போ முடியாதுன்னவன். பாரதியார் பாஞ்சாலி சபதத்துல அந்த எடத்த பெருசாவே எழுதியிருப்பாரு. அவரு பாண்டியில இருந்த 10 வருஷத்துல (1908ல வந்து 1918ல கெளம்புனாரு) எழுதுனது அது, மொத பாகம் 1912ல வந்துச்சு, ரெண்டாவது பாகம் புஸ்தகமா வந்தப்போ அவரே உசுரோட இல்ல. அவரு இருந்த தெரு ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு, பேர கவனிங்க, தர்மராஜா. அண்ணன் போன் பண்ணி ரெண்டு நாள் கழிச்சு பாண்டிக்கு வேலையா போனப்போ அந்த தெரு வழியாத்தான் நடந்து போனேன். அப்போ தோணுச்சு, 'கூப்ட்டுட்டு வா'ன்னா போறான், 'இழுத்துட்டு வா'ன்னா மாட்டேங்குறான், ரெண்டுக்கும் நடுவுல அவனுக்குன்னு ஒரு கோடு இருந்திருக்கு. அந்த கோடு எங்க இருக்குன்னு வெளியில நிக்கிறவனுக்கு தெரியாது, கோட்டுக்கிட்ட வர்ற வரைக்கும் அவன் தலையாட்டி மாதிரிதான் தெரிவான்.

இன்னொண்ணு எனக்கு ரொம்ப பிடிச்ச எடம். பாண்டவங்க காட்டுக்கு போனப்புறம் விதுரன் ஏதோ நியாயம் சொல்லப் போக, உனக்கு அவனுங்கதான் முக்கியம்னா அங்கயே போயிடுன்னு திருதராட்டிரன் தொரத்தி விட்டுடுறான். இவனும் போறான், காட்டுல பாண்டவங்களோட இருக்கான். அங்க அண்ணனுக்கு தம்பி இல்லாம இருப்பு கொள்ளல, சஞ்சயன அனுப்பி கூப்பிடுறான். கூப்ட்டதும் விதுரன் திரும்பி வந்துடுறான்! சின்ன வயசுல இத படிச்சப்போ இவனுக்கு சூடு சொரணையே இல்லையான்னு தோணுச்சு. இப்போ எனக்கு பொண்ணு பொறந்து, ரெண்டு குரூப்புல இருந்து, எனக்கே நாப்பதாகப் போவுது. இப்போ வேற மாதிரி தோணுது. கண்ணு தெரியாத அண்ணன் கூப்ட்டா என்ன பண்ணுவான் மனுஷன்?

அந்த ராத்திரி

2011 வைகாசி. எங்க ஊர் திரௌபதி அம்மன் கோயில்ல திருவிழா, மதியம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, கடைசி நாள் படுகளம், தீமிதி. அன்னிக்கு கிருஷ்ணன் தூது. அதுக்கு நாலு நாள் முன்னாடிதான் அது நடந்துச்சு. கரண்டு போன 50 நிமிஷத்த நோட்டுல தப்பா எழுதிட்டாருன்னு பெரிய பெரியப்பா அப்பாகிட்ட சண்டை, களத்துமேட்டுல வெச்சு, ஆளுங்க பாக்க. அப்பா பொறுமையா பக்கத்த தொறந்து காட்டுறாரு. பெரியப்பா நோட்ட தட்டி விட்டுட்டு சொன்ன வார்த்தை: "ஒரு சென்ட் பூமி இல்லாதவன் நீ, உனக்கு இன்னாடா கணக்கு?" அப்பா நோட்ட எடுத்து மண்ண தட்டி பாக்கெட்ல வெச்சுக்கிட்டு வந்துட்டாரு. எதுக்காக அவர நம்பி சாவி குடுத்தாங்களோ, அதையே எடுத்து மூஞ்சில அடிச்சாச்சு.

கிருஷ்ணன் தூது அன்னிக்கு மதியம் பிரசங்கம் பாதி தூக்கத்துல கேட்டேன், ரேடியோ செட்டு எங்க வீட்டு வாசல் புளியமரத்துலதான் கட்டியிருந்தாங்க. பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்றாரு. வில்லிபுத்தூரார் நம்ம பக்கத்து ஆளுங்க, திருமுனைப்பாடி நாட்டு சனியூர்னு சொல்லுவாங்க, அப்பர் பொறந்த திருவாமூர் இருக்கே, அதே திருமுனைப்பாடி நாடு. அதுல வர்ற கதை இது: தூது வந்த கிருஷ்ணன் துரியோதனன் அரண்மனைல தங்காம விதுரன் வீட்ல தங்கிடுறான். மறுநாள் துரியோதனன் சபையில வெச்சு, எதிரிக்கு சோறு போட்டியான்னு விதுரனோட பிறப்ப சொல்லி திட்டுறான். விதுரன் அத்தனை வருஷமா பூஜை பண்ணி வெச்சிருந்த வில்ல எடுத்துட்டு வந்து சபை நடுவுல முறிச்சு போட்டுட்டு, உனக்காக சண்டை போட மாட்டேன்னு போயிடுறான். அர்ச்சுனன் காண்டீபத்துக்கு சமமான வில்லாம் அது. அது கௌரவங்க பக்கம் நின்னா பாண்டவங்க ஜெயிக்க முடியாது, அதனாலதான் கண்ணன் வேணும்னே விதுரன் வீட்டுக்கு போனான், இவன் கோவப்படணும், வில்லு முறியணும், அதான் பிளானுன்னு பிரசங்கியார் சிரிச்சிக்கிட்டே சொன்னாரு. ஜனங்களும் சிரிச்சுது. எனக்கு தூக்கம் தெளிஞ்சிடுச்சு.

ராத்திரி பாய எடுத்துக்கிட்டு நானும் அப்பாவும் போயி ஓரமா ஒக்காந்தோம். பெரிய பெரியப்பா வீட்டு ஆளுங்க மேடைக்கு வலது பக்கம், சின்ன பெரியப்பா வீட்டு ஆளுங்க இடது பக்கம், அது எழுதப்படாத சட்டம். நாங்க எப்பவும் போல நடுவுல, பின்னாடி. கூத்து சூடு பிடிக்கவே 12 ஆச்சு. மொதல்ல பாண்டவங்க எடம், கண்ணன் ஒவ்வொருத்தரா கேட்டுக்கிட்டு வர்றான், சண்டையா சமாதானமா. சகாதேவன் வந்து சொல்றான்: கர்ணனுக்கு நாட்டக் குடு, அர்ச்சுனனக் கொல்லு, பாஞ்சாலி கூந்தல அறு, உன்னையும் கால்ல விலங்கு போட்டு நான் கட்டிப்போடணும், அப்படின்னா பாரதப்போர் வராம தடுக்கலாம். சமாதானம் பேச கெளம்புறவன்கிட்டயே உன்னைத்தான்டா மொதல்ல கட்டணும்னு சொல்றான் பாருங்க. அந்த செட்டுல ஆளு பத்தல போல, சகாதேவன் வேஷம் போட்டவருதான் உள்ள போயி வெள்ளை தாடி ஒட்டிக்கிட்டு விதுரனா வந்தாரு. நெத்தியோரம் சகாதேவனோட அரிதாரம் சரியா தொடைக்காம மினுமினுன்னு இருந்துச்சு. பாண்டவ வீட்டு ஆளும் அவருதான், கௌரவ வீட்டு ஆளும் அவருதான்.

மூணு மணி இருக்கும். துரியோதனன் வேஷக்காரரு நல்ல வாட்டசாட்டம், புஜகட்டை கிரீடம் எல்லாம் ஆட ஆட, விதுரன சுத்தி சுத்தி வந்து திட்டுறாரு. பாட்டு முடிஞ்சதும் வசனத்துல "பங்கு இல்லாத பயலுக்கு பந்தி எதுக்கு"ன்னாரு. இது வில்லியில இருக்கா, வாத்தியார் எழுதுனதா, இல்ல ஊருக்கு வந்தப்புறம் யாராவது டீக்கடையில எங்க வீட்டுக் கதைய ஓதிவிட்டாங்களா, இன்னி வரைக்கும் எனக்கு புடிபடல. (கூத்துக்காரங்களுக்கு ஊர்ச்சண்டை எல்லாம் மொத நாளே வந்து சேந்துடும்.) நான் அப்பா பக்கம் திரும்பல. திரும்ப தைரியம் இல்ல.

விதுரன் உள்ள போயி வில்லோட வந்தாரு. மூங்கில் வில்லு, சிவப்பும் பச்சையுமா ஜிகினா பேப்பர் சுத்துனது. முகவீணை நின்னு போயி மத்தளம் மட்டும் மெதுவா ஓடுது. ரெண்டு கையால புடிச்சு வளைக்கிறாரு, முறியல. பச்ச மூங்கில் போல. இன்னொருக்கா வளைக்கிறாரு, முறியல. கட்டியக்காரன் விடுவானா, "பெரியவரே, உடையலன்னா வாங்குன கடையிலயே திருப்பி குடுத்துடலாம், பாதி காசாவது வரும்"னான். ஜனம் கொல்லுன்னு சிரிச்சுது, வலது பக்கமும் சிரிச்சுது இடது பக்கமும் சிரிச்சுது, 9 வருஷத்துல ரெண்டு பக்கமும் சேந்து பண்ண ஒரே காரியம் அதுவாத்தான் இருக்கும். விதுரன் சிரிக்கல. வில்ல தரையில ஊனி, முட்டிய வெச்சு, ஒடம்பு மொத்தத்தையும் போட்டு அழுத்துனாரு. படார்னு ஒரு சத்தம். பெட்ரோமாக்ஸ் வெடிச்ச மாதிரி. கூட்டத்துல ஒரு கொழந்த அழ ஆரம்பிச்சுது. மூங்கில் ரெண்டா போயிடுச்சு, ஆனா ஜிகினா பேப்பர் அறுந்து போகல, ரெண்டு துண்டும் அந்த பேப்பர்லயே தொங்குது, அத அப்படியே துரியோதனன் கால்கிட்ட போட்டுட்டு அந்தாளு பாட்டு கூட பாடாம திரைக்கு பின்னாடி போயிட்டாரு.

அப்போதான் அப்பா பேசுனாரு. "எத்தனை வருஷமா அத தூக்கிக்கிட்டு திரிஞ்சிருக்கான் பாரு."

எனக்கு அதுவரைக்கும் விதுரன்கிட்ட வில்லு இருக்குங்கிறதே மனசுல பதிஞ்சதில்ல. வாய் மட்டும் இருக்குற ஆளு, புத்தி சொல்ற ஆளு, அவ்ளோதான். காண்டீபத்துக்கு சமமான ஒண்ண வீட்ல வெச்சிக்கிட்டு, ஒரு நாள் கூட ரெண்டு பக்கத்துல எந்தப் பக்கம் மேலயும் அம்பு விடாம இருந்திருக்கான் அந்தாளு. எங்கப்பா முழுங்குன அந்த பாதி பேச்சு ஞாபகத்துக்கு வந்துச்சு. 9 வருஷம் ரெண்டு அண்ணனுங்க சொன்னதுலயும் பாதி. ஒரே ஒரு நாள் முழுசா சொல்லியிருந்தா போதும், வெட்டு குத்து ஆயிருக்கும்.

மறுநாள் காலையில

விடிஞ்சு கூத்து முடிஞ்சு வீட்டுக்கு போற வழியில அப்பா மோட்டார் கொட்டாவுக்கு போனாரு. நானும் பின்னாடியே போனேன். இடுப்பு கயித்துல இருந்து சாவிய அவுத்து, கதவு நெலையில இருந்த ஆணியில மாட்டுனாரு. பீஸ்கட்டை பைய அது மேலயே மாட்டுனாரு. நோட்ட மட்டும் வெச்சிக்கிட்டாரு. வசனம் ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து குளிச்சிட்டு படுத்துட்டாரு, சாயங்காலம் வரைக்கும் தூங்குனாரு.

ரெண்டு நாள் அந்த சாவிய யாரும் தொடல. எடுத்தா இவன்தான் எடுத்தான்னு ஆயிடும், அதனால ரெண்டு பேரும் பாத்துக்கிட்டே இருக்காங்க. வைகாசி வெயிலு, மறுதாம்பு கரும்பு, சோகை சுருள ஆரம்பிச்சிடுச்சு. மூணாவது நாள் கரண்டு வந்த நேரம் ரெண்டு பெரியப்பாவும் கொட்டாகிட்ட ஒரே நேரத்துல வந்துட்டாங்க. 9 வருஷம் கழிச்சு நேருக்கு நேர் பேசிக்கிட்டாங்க. பேசுனத எழுத முடியாது. பாதி ஊரு கூடிடுச்சு. அவங்க கத்திக்கிட்டே இருக்க, பெரிய பெரியம்மா, அதுவரைக்கும் இந்த கதையில பேரே இல்லாதவங்க, சேலைய தூக்கி சொருவிக்கிட்டு போயி சாவிய எடுத்து பூட்ட தொறந்து பீஸ்கட்டைய போட்டு ஸ்டார்ட்டர்ல பச்ச பட்டன அமுக்கிட்டாங்க. தண்ணி வந்துச்சு. "யாரு வயல்ல பாயணுமோ மடைய திருப்பிக்கங்க, நான் போயி உல வெக்கணும்"னுட்டு கெளம்பிட்டாங்க. சாவி அதுக்கப்புறம் பெரியம்மாகிட்டயே இருந்துச்சு. முறை அவங்க சொல்றதுதான். நோட்டெல்லாம் கெடையாது, நிழல பாத்து சொல்லுவாங்க, மோடம் போட்டா மனசுல பட்டத சொல்லுவாங்க, யாரும் மூச்சு விடல.

ஆனா எனக்கு ஆறாதது வேற. பிரசங்கியார் சொன்னாரே, வில்லு முறியத்தான் கண்ணன் அந்த வீட்டுக்கு போனான்னு. விதுரன் கோவம் நியாயமான கோவம், அவனோட சொந்த கோவம், ஆனா அதுக்கும் ஒருத்தன் கணக்கு போட்டு வெச்சிருந்தான்னா? நடுவுல நிக்கிறவன் நின்னாலும் ஒரு பக்கத்துக்கு லாபம், ஒதுங்குனாலும் இன்னொரு பக்கத்துக்கு லாபம். எங்க ஊர் கதையில கண்ணன் யாருன்னு யோசிச்சு பாத்திருக்கேன். துரியோதனன் வாயில அந்த 'பங்கு இல்லாத பயல்' வசனத்த வெக்கச் சொல்லி டீக்கடையில ஓதுன ஆளு யாராவது இருந்தா அவன்தான் கண்ணன். ஒரு வேள எங்கம்மாவா கூட இருக்கலாம். கேட்டா "போடா வேலைய பாத்துக்கிட்டு"ம்பாங்க. கேட்டேன், அப்படித்தான் சொன்னாங்க.

வில்லிபாரதம் 10 பருவத்தோட முடிஞ்சிடும், சண்டை முடிஞ்சதும் கதை முடிஞ்சுது. அதனால விதுரனோட சாவு அதுல வராது, அதுக்கு வியாசர்கிட்டதான் போகணும். சண்டையெல்லாம் ஓஞ்சு பல வருஷம் கழிச்சு, காட்டுல, எலும்பும் தோலுமா ஒரு மரத்துல சாஞ்சி நின்னுக்கிட்டு, தேடி வந்த தர்மன கண்ணு கொட்டாம பாக்குறாரு விதுரன், பாக்க பாக்க உசுரு தர்மனுக்குள்ள போயிடுது. ரெண்டு பேரும் தர்மதேவதையோட அம்சம்தானே, அதனாலன்னு வெளக்கம். நான் அத அப்படி படிக்கல. கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசல அந்தாளு, அதுதான் எனக்கு மனசுல நிக்குது.

அதே வருஷம் டிசம்பர் 30 தானே புயல். பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்தது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். எங்க மோட்டார் கொட்டாவோட தகரம் பறந்து போயி எங்க விழுந்துச்சுன்னே தெரியல, சுவரும் சாஞ்சிடுச்சு. நாலு நாள் கழிச்சு பெரியம்மா வந்து சாவிய அப்பா கையில குடுத்து, "கொட்டாவே போயிடுச்சு தம்பி, இத நான் வெச்சிக்கிட்டு இன்னா பண்றது"ன்னுட்டு போனாங்க. அதுக்கப்புறம் ஆளுக்கொரு போர் போட்டுக்கிட்டாங்க. கிணத்துல இப்போ பொதர்தான். சாவி எங்க வீட்டு காலண்டர் ஆணியில தொங்குது.

போன வாரம் ரெண்டு குரூப்புலேர்ந்தும் பத்திரிகை ப்ரூஃப் எனக்கு தனியா வந்துச்சு, பிழை பாத்து குடுடான்னு. பாண்டி அண்ணனேதான் அனுப்பியிருந்தாரு, திட்டுனத பத்தி ஒரு வார்த்தை இல்ல. ரெண்டும் ஒரே பிரஸ்ல அடிக்கிறது, ஒரே பிள்ளையார், ஒரே மஞ்ச கலரு. ஒண்ணுல பெரிய பெரியப்பா பேரு மேல, ஒண்ணுல சின்ன பெரியப்பா பேரு மேல. ரெண்டுலயும் அப்பா பேரு மூணாவது. போன கொண்டு போயி அப்பாகிட்ட காட்டுனேன். கண்ணாடிய மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"இனிஷியல் தப்பா இருக்கு, மாத்த சொல்லு."

"எதுலப்பா?"

"ரெண்டுலயும்தான்."